இலையிலும் தேமல், தோலிலும் தேமல்: ஜிங்க் எதுக்கு உதவும், எதுக்கு உதவாது?

உங்க வீட்டுல மரவள்ளி போடுறாங்கன்னா, இந்தக் கட்டுரையில பாதி உங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்ச விஷயம்தான். வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் குச்சிக்கிழங்குக் காட்டில் இளம் இலை வெளுக்க ஆரம்பித்தால், அனுபவமுள்ள விவசாயி உடனே உரக்கடைக்கு ஓட மாட்டார். முதலில் இலையைப் பறித்துப் பார்ப்பார். நரம்பு பச்சையாக இருந்து, நரம்புக்கு நடுவில் மட்டும் வெளுத்து, இலை குறுகிப் போயிருந்தால் நுண்ணூட்டக் குறை. ஜிங்க் சல்பேட் கரைத்துத் தெளித்தால் அடுத்து வரும் இலை தேறிவிடும். மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்து, இலை கோணிச் சுருண்டிருந்தால் அது தேமல். வைரஸ் நோய். வெள்ளை ஈ பரப்பும், நோயுள்ள செடியில் வெட்டிய விதைக்குச்சி வழியாகவும் வரும். அதுக்கு மூட்டை மூட்டையா ஜிங்க் சல்பேட் கொட்டினாலும் ஒண்ணும் நடக்காது.

மனுஷத் தோலுக்கும் இதே கதைதான். ஆனா காட்டுல காட்டுற நிதானத்தை நாம மெடிக்கல் ஷாப்பில் காட்டுறதில்ல. ஹாஸ்டல் அலமாரியைத் திறந்து பாருங்க. ரோஸ் கலர் காலமைன் லோஷன், பொடுகு ஷாம்பு, சன்ஸ்கிரீன், பருவுக்கு யாரோ சொன்ன ஜிங்க் மாத்திரை, கொரோனா சமயத்தில் வாங்கி மிச்சமான வைட்டமின் பட்டை. எல்லாத்திலும் ஜிங்க் இருக்கு. ஆனா ஒவ்வொண்ணிலும் அது செய்யுற வேலை வேற. உள்ளே சாப்பிடும் ஜிங்க், உடம்பில் குறை இருந்தால் மட்டும் பெரிய வித்தியாசம் காட்டும். வெளியே பூசும் ஜிங்க், பெரும்பாலும் ஒரு மூடியாக வேலை செய்யும். இந்த ரெண்டையும் குழப்பிக்கிறதாலதான் காசும் போகுது, சில சமயம் தோலும் போகுது.

முதல்ல உள்ளே போற ஜிங்க்கைப் பார்ப்போம்.

தமிழில் துத்தநாகம். வளர்ந்த ஒரு ஆள் உடம்பில் மொத்தமே 2 முதல் 3 கிராம்தான் இருக்கும். அதை வைத்துத்தான் 300-க்கு மேற்பட்ட நொதிகள் ஓடுகின்றன. செல் பிரியும்போது டிஎன்ஏவைப் படிக்கும் பல புரதங்களுக்கும் ஜிங்க் அணு வேண்டும். அதனால் ஜிங்க் குறைந்தால் முதலில் அடி வாங்குவது வேகமாகப் பிரியும் செல்கள்: தோல், முடி, குடல். நெல்லிலும் மரவள்ளியிலும் இளம் பருவத்தில் குறை தெரிவது மாதிரியேதான்.

மனிதனுக்கு ஜிங்க் குறைபாடு வரும் என்பதையே 1960-கள் வரை மருத்துவ உலகம் நம்பவில்லை. எல்லா உணவிலும் கொஞ்சம் இருக்கிறதே, எப்படிக் குறையும் என்பது அவர்கள் வாதம். அதை மாற்றியவர் பீகாரின் பக்சரில் பிறந்து, பாட்னாவில் டாக்டருக்குப் படித்த ஆனந்த பிரசாத். 1958-ல் ஈரானின் ஷிராஸ் நகரில் வேலை பார்த்தபோது அவர் முன் ஒரு நோயாளி வந்தார். வயது 21, பார்ப்பதற்குப் பத்து வயதுப் பையன் மாதிரி. ரத்தசோகை, பருவ வளர்ச்சி இல்லை, தோல் சொரசொரவென்று வறண்டு கிடந்தது. சாப்பாடு கிட்டத்தட்ட ரொட்டி மட்டும்தான், கறி முட்டை கிடையாது. கூடவே தினம் அரை கிலோ களிமண் தின்னும் பழக்கம். அதே மாதிரி இன்னும் பலர் அந்த ஊரில் இருந்தார்கள். வெறும் இரும்புச்சத்துக் குறைபாட்டால் இத்தனையும் வராது, ஜிங்க் குறைபாடாக இருக்கலாம் என்று 1961-ல் எழுதினார். பிறகு எகிப்தில் ஆய்வு செய்து அதை உறுதி செய்தார்.

இந்தக் கதையில் நம்ம ஊருக்கான பாடம் அந்த ரொட்டியில் இருக்கு. கோதுமையில் ஜிங்க் இல்லாமல் இல்லை. ஆனால் தானியத் தவிட்டிலும் பருப்பிலும் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள், குடலிலேயே ஜிங்க்கைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்தால் ஃபைட்டேட் உடையும். அந்த ரொட்டி புளிக்காத ரொட்டி. நாம இட்லி மாவைப் புளிக்க வைக்கிறோம், பயறை ஊறவைத்து முளைகட்டுறோம். பாட்டிமார் ருசிக்காகச் செய்ததோ என்னவோ, ஜிங்க் கணக்கில் அது லாபம்.

இன்னொரு பக்கம் நம்ம மண். தமிழ்நாட்டில் பரிசோதித்த மண் மாதிரிகளில் பாதிக்கு மேல் ஜிங்க் பற்றாக்குறை. நெல்லுக்கு எக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட் போடச் சொல்வது அதனால்தான். மரவள்ளிக் கிழங்கில் 100 கிராமுக்கு ஜிங்க் அரை மில்லிகிராம் கூடத் தேறாது. அதிலிருந்து ஸ்டார்ச்சை மட்டும் பிரித்துச் செய்யும் ஜவ்வரிசியில் அதைவிடக் குறைவு. சேகோ ஃபேக்டரிகள் நம்ம ஏரியாவுக்குச் சோறு போடுகின்றன, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஜவ்வரிசிக் கஞ்சியை மட்டும் குழந்தைக்குச் சத்துணவு என்று ஊட்டாதீர்கள், அது வெறும் மாவுச்சத்து. ஆட்டுக்கறி, முட்டை, எள், நிலக்கடலை, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு ஆகியவைதான் ஜிங்க் இருக்கும் இடங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி ஆணுக்கு ஒரு நாளைக்கு 17 மில்லிகிராம், பெண்ணுக்குச் சுமார் 13 மில்லிகிராம் தேவை. மூணு வேளையும் மெஸ்ஸில் வெள்ளைச் சோறும் ரசமும்னு ஓட்டுறவங்க கொஞ்சம் யோசிங்க. ஒரு கைப்பிடி வறுத்த கடலை பெரிய செலவில்ல.

ஜிங்க் தோல் நோயை உண்மையிலேயே குணப்படுத்தும் இடம் ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்வது ஒரு குழந்தையின் உயிரைக் காப்பாற்றலாம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அக்ரோடெர்மடைட்டிஸ் என்டரோபதிகா என்று ஒரு பிறவி நோய். வாயில் நுழையாத பெயர்தான். அக்ரோ என்றால் கைகால் முனை, என்டரோ என்றால் குடல். குடலில் ஜிங்க்கை உள்ளே இழுக்கும் புரதம் சரியாக வேலை செய்யாது. தாய்ப்பாலில் இருக்கும் ஜிங்க் சுலபமாகச் சேரும் என்பதால், தாய்ப்பால் குடிக்கும்வரை பல குழந்தைகள் நன்றாகவே இருக்கும். பாலை மறக்கடித்து மாட்டுப்பாலுக்கு மாற்றிய சில வாரங்களில் ஆரம்பிக்கும். வாயைச் சுற்றி, ஆசனவாயைச் சுற்றி, கைகால் விரல்களில் சிவந்து, பொருக்குத் தட்டி, புண்ணாகும். வயிற்றுப்போக்கு நிற்காது. முடி கொட்டும். குழந்தை ஓயாமல் அழும்.

பார்ப்பவர்களுக்கு இது சிரங்கு மாதிரி, பூஞ்சை மாதிரி, பால் ஒத்துக்காத மாதிரி தெரியும். 1940-களிலேயே இந்த நோய்க்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் காரணம் தெரியாததால் அதற்குப் பிறகும் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தன. லண்டனில் மொய்னஹன் என்ற தோல் மருத்துவர்தான் 1970-களின் தொடக்கத்தில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் ஜிங்க் மிகக் குறைவாக இருப்பதைப் பார்த்து, ஜிங்க் சல்பேட் கொடுத்தார். தோல் தெளிந்தது, வயிற்றுப்போக்கு நின்றது. பல குழந்தைகளில் சில நாட்களிலேயே மாற்றம் தெரிந்தது. வாழ்நாள் முழுக்க ஜிங்க் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். 2002-ல் எந்த மரபணுவில் கோளாறு என்பதும் தெரிந்துவிட்டது.

வேளாண்மையில் இதன் இரட்டைப் பிறவி மாதிரி ஒரு சம்பவம் உண்டு. வட இந்தியாவில் நெல்லில் கைரா என்றொரு நோய், இலையில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளிகள் விழும். என்ன கிருமி என்று தேடிக்கொண்டிருந்தபோது, 1966-ல் பந்த்நகரில் நேனே என்ற விஞ்ஞானி அது கிருமியே இல்லை, ஜிங்க் பற்றாக்குறை என்று கண்டுபிடித்தார். ரெண்டு இடத்திலும் நோய்னு நினைச்சது பசி.

இந்தப் பிறவி நோய் அபூர்வமானது. ஆனால் தொடர்ந்து வயிற்றுப்போக்கு இருக்கும் குழந்தைக்கும், ரொம்ப நாள் ஊட்டக்குறைவில் இருக்கும் குழந்தைக்கும், குடிக்கு அடிமையானவர்களுக்கும், குடல் அறுவை செய்தவர்களுக்கும் இதே மாதிரித் தோல் மாற்றங்கள் வரலாம். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓஆர்எஸ் பொட்டலத்தோடு 14 நாள் ஜிங்க் மாத்திரை தருவார்கள்: ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10. பேதி நின்னதும் மூணாம் நாளே மாத்திரையை நிறுத்திடுறாங்க. உங்க அக்கா, அண்ணி யாராவது அப்படிச் செய்தால் பதினாலு நாளும் கொடுக்கச் சொல்லுங்க.

இப்ப நம்ம கதைக்கு வருவோம்: பருவு. குறைபாடு இல்லாத ஆளுக்கு ஜிங்க் மாத்திரை பருவைக் குறைக்குமா? கொஞ்சம். 2001-ல் வெளியான ஒரு ஆய்வில் 332 பேரை ரெண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு தினம் 30 மில்லிகிராம் ஜிங்க், இன்னொரு குழுவுக்கு மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், மூன்று மாதம் கொடுத்தார்கள். வீங்கிய பருக்கள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தவர்கள் ஜிங்க் குழுவில் 31 சதவீதம், மினோசைக்ளின் குழுவில் 63 சதவீதம். ஜிங்க் வேலையே செய்யலைன்னு சொல்ல முடியாது, ஆனா இன்ஸ்டா ரீல்ஸில் சொல்ற அளவுக்கு இல்ல. டாக்டர் டாக்ஸிசைக்ளின் மாதிரி டெட்ராசைக்ளின் வகை மாத்திரை எழுதியிருந்தால், அதோடு ஒரே நேரத்தில் ஜிங்க் போடாதீர்கள். ரெண்டும் குடலில் ஒட்டிக்கொண்டு மருந்து உள்ளே போவது குறையும். சில மணி நேரம் இடைவெளி வேண்டும்.

மாத்திரை அட்டையைப் படிப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கு. முதல் வருஷ கெமிஸ்ட்ரி போதும். ஜிங்க் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட்டின் மூலக்கூறு எடை 287.5. அதில் ஜிங்க் 65.4. அப்படின்னா 22.7 சதவீதம்தான் ஜிங்க், மீதி சல்பேட்டும் தண்ணியும். 220 மில்லிகிராம் உப்பு என்றால் உள்ளே 50 மில்லிகிராம் ஜிங்க். உரமூட்டையில் 21 சதவீதம் என்று போட்டிருப்பதும் இதே உப்பின் கணக்குதான். அதுக்காக உரத்தைக் கரைத்துக் குடிச்சிடாதீங்க, அதில் ஈயம், காட்மியம் எல்லாம் இருக்கலாம். அதேபோல மயில்துத்தம் வேறு, அது காப்பர் சல்பேட். பெயரில் துத்தம் இருக்கேன்னு குழப்பிக்க வேண்டாம்.

பெரியவர்களுக்கு உணவும் மாத்திரையும் சேர்த்து ஒரு நாள் உச்ச வரம்பு 40 மில்லிகிராம். டாக்டர் ஒரு காரணத்துக்காகச் சில வாரம் அதைத் தாண்டிக் கொடுக்கலாம். ஆனால் நாமாகவே மாசக்கணக்கில் 50 மில்லிகிராம் மாத்திரை போட்டால் என்ன ஆகும்? குடல் செல்கள் அதிக ஜிங்க்கைப் பார்த்ததும் மெட்டலோதயோனின் என்ற புரதத்தை நிறைய உற்பத்தி செய்யும். அந்தப் புரதம் ஜிங்க்கைவிடச் செம்பை இறுக்கமாகப் பிடிக்கும். சில நாளில் அந்தச் செல்கள் உதிர்ந்து மலத்தோடு போகும்போது செம்பும் போய்விடும். விளைவு செம்புக் குறைபாடு: ரத்தசோகை, வெள்ளை அணு குறைவு, முற்றினால் கால் மரத்துப்போய் நடையே தடுமாறும். பருவுக்குப் போட்ட மாத்திரை நரம்பைத் தொடுகிறது.

சரி, வெளியே பூசும் ஜிங்க்.

காலமைன் லோஷனின் வெள்ளைப் பொடி ஜிங்க் ஆக்சைடு அல்லது ஜிங்க் கார்பனேட். ரோஸ் நிறம் அதில் துளியூண்டு கலந்த இரும்பு ஆக்சைடால் வருகிறது, துருவின் உறவுக்காரர். பூசினதும் சில்லென்று இருக்கிறதே, அது ஜிங்க் செய்யும் வித்தையில்லை. தண்ணீர் ஆவியாகும்போது தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. பொடி, ஈரத்தைப் பரந்த பரப்பில் விரித்து வைப்பதால் ஆவியாதல் வேகமாகிறது. தெர்மோடைனமிக்ஸ் பேப்பரில் அரியர் வைத்தவர்களுக்கும் இது புரியும். பாட்டிலைக் குலுக்கச் சொல்வதும் காரணத்தோடுதான். ஜிங்க் ஆக்சைடின் அடர்த்தி தண்ணீரைப் போல ஐந்தரை மடங்கு. ஸ்டோக்ஸ் விதிப்படி கீழே இறங்கத்தான் செய்யும். பென்டோனைட் களிமண் சேர்த்துக் கெட்டியாக்கி அதைத் தாமதப்படுத்துகிறார்கள். குலுக்காமல் ஊற்றினால் மேலே நிற்கும் தண்ணியைத்தான் பூசுகிறீர்கள்.

ஆக, வேர்க்குரு, பூச்சிக்கடி, அம்மைக் கொப்புள அரிப்பு இதுக்கெல்லாம் காலமைன் நல்ல துணை. அரிப்பைக் குறைக்கும், சொறிந்து புண்ணாக்குவதைத் தடுக்கும். அம்மை வேப்பிலையால் இறங்கினாலும் காலமைனால் இறங்கினாலும், உண்மையில் அது தன் கணக்குப்படிதான் இறங்குகிறது. நம்ம வயசில் அம்மை போட்டால் குழந்தைகளைவிடக் கடுமையாக இருக்கும். கொப்புளம் தெரிந்த முதல் நாளே டாக்டரைப் பார்த்தால் வைரஸுக்கான மாத்திரை நன்றாக வேலை செய்யும். சொல்லுங்க, வீட்டில் ஒத்துக்க வைக்கிறது உங்க சாமர்த்தியம். வறண்ட தோலில், வறண்ட எக்ஸிமாவில் காலமைன் பூசினால் இன்னும் காயும்.

இதைவிடக் கெட்டியானது ஜிங்க் பேஸ்ட். பெர்லின் மருத்துவர் லாசர் 19-ஆம் நூற்றாண்டில் செய்த கலவை இன்றும் அவர் பெயரில் இருக்கிறது: ஜிங்க் ஆக்சைடு 24 பங்கு, ஸ்டார்ச் 24 பங்கு, சாலிசிலிக் அமிலம் 2 பங்கு, மீதி 50 பங்கு பாரஃபின். ஆமாங்க, ஸ்டார்ச். நம்ம ஊர் லாரி லாரியாக ஏற்றி அனுப்பும் அதே வகைப் பொருள். பாரஃபின் மூத்திரமும் வேர்வையும் தோலில் படாமல் தடுக்கும், பொடிகள் கசிவை உறிஞ்சும். குழந்தைக்கு அரையாப்புப் பக்கம் சிவந்தால் பூசும் கிரீமில் சாலிசிலிக் அமிலத்தை விட்டுவிட்டு மற்றதை வைத்திருப்பார்கள். அதைத் துடைக்கும்போது தேய்த்து எடுக்கக் கூடாது, எண்ணெய் தொட்டு அழுக்கு மட்டும் எடுத்துவிட்டு மேலே இன்னொரு பூச்சு போட்டால் போதும். தறி ஓட்டி, நின்றே வேலை பார்த்து, நரம்பு சுருண்டு, கணுக்கால் பக்கம் ஆறாத புண் வந்தவர்களுக்கு ஜிங்க் பேஸ்ட் தோய்த்த துணிக்கட்டு போடும் முறையும் உண்டு. அங்கே புண்ணை ஆற்றுவதில் பெரிய பங்கு கட்டின் அழுத்தத்துக்குத்தான். ரத்த ஓட்டத்தைப் பரிசோதிக்காமல் வீட்டில் அப்படி இறுக்கிக் கட்டக் கூடாது.

சன்ஸ்கிரீன் எலெக்ட்ரானிக்ஸ் டிபார்ட்மென்ட்டுக்குச் சொந்தமான விஷயம். ஜிங்க் ஆக்சைடு ஒரு செமிகண்டக்டர், பேண்ட் கேப் சுமார் 3.3 எலெக்ட்ரான் வோல்ட். 1240-ஐ 3.3-ஆல் வகுத்தால் 376 நானோமீட்டர். அதற்குக் குறைவான அலைநீளமுள்ள புறஊதாக் கதிரை அது விழுங்கிவிடும். மங்கு உள்ளவர்களுக்கு இது உண்மையான சிகிச்சையின் ஒரு பகுதி. நம்ம நிறத்துக்குப் பூசினால் சாம்பல் பூத்த மாதிரித் தெரியும் என்பது நியாயமான புகார். இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள வகை அந்தப் புகாரையும் தீர்க்கும், மங்கைக் கூட்டும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் கொஞ்சம் தடுக்கும்.

இனி தேமல். தோலில் வரும் தேமலுக்குக் காரணம் மலாசீசியா என்ற ஈஸ்ட். பொடுகிலும் இதே கும்பல்தான். பொடுகு ஷாம்புவில் இருக்கும் ஜிங்க் பைரிதியோன் இந்த ஈஸ்ட்டைக் கொல்லும், தேமலுக்கும் அந்த ஷாம்புவைப் பூசி ஊறவைத்துக் கழுவச் சொல்வதுண்டு. வேடிக்கை என்னன்னா, அது ஈஸ்ட் செல்லுக்குள் செம்பைக் கொண்டுபோய்த் திணித்து வேலை செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல் அழகுசாதனப் பொருட்களில் இதைத் தடை செய்துவிட்டது. இங்கே இன்னும் விற்கிறது. ஷாம்பு போட்ட உடனே அலசிடாம மூணு முதல் அஞ்சு நிமிஷம் விடுங்க. கொன்ற பிறகும் வெளுத்த நிறம் திரும்ப மாசக்கணக்கு ஆகும், அதைப் பார்த்து மருந்து பலிக்கலைன்னு முடிவு கட்டாதீங்க.

ஆனா வெளுத்த திட்டு எல்லாம் தேமல் இல்ல. திட்டின் மேல் பஞ்சால் தொட்டுப் பாருங்க. உணர்ச்சி இல்லைன்னா, குறைவா இருந்தா, அது தொழுநோயாக இருக்கலாம். அரசு ஆஸ்பத்திரியில் இலவச மாத்திரை, முழுசா குணமாகும். லோஷன் பூசித் தள்ளிப்போட்டால் நரம்பு போய்விடும்.

படர்தாமரைக்கும் இதே எச்சரிக்கை. ஹாஸ்டலில் டவல் மாற்றிப் போட்டு, ஜீன்ஸ் ஈரத்தோடு உட்கார்ந்து வரும் அந்த வட்டமான அரிப்பை, காலமைனோ ஜிங்க் பவுடரோ தீர்க்காது. அதைவிட மோசம், கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீம். ரெண்டு நாளில் சிவப்பு அடங்கும், ரெண்டு வாரத்தில் ரெண்டு மடங்காகப் பரவும். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. இருந்தும் சீட்டு இல்லாமல் கேட்டால் சில கடைகளில் கிடைக்கத்தான் செய்கிறது. ட்யூபின் பின்பக்கம் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, வாழப்பாடியிலிருந்து சேலம் பஸ் ஏறி, மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டுங்கள். காலையிலேயே போய் ஓபி சீட்டு எடுத்துடுங்க, போறதுக்கு முன்னாடி அந்த இடத்தில் எதையும் பூசாதீங்க. ரோஸ் கலர் அப்பிக்கொண்டு போனால் டாக்டருக்குத் தோல் தெரியாது.